தலை உங்களுடையது

“தலையில என்ன போட்டிருந்தாரு?”

ஆஸ்பத்திரி வாசலில் அந்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி அதுதான். பூச்சி தன் கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினாள். ரொட்டித் தட்டு மண்டையை அழுத்தாமல் இருக்கப் பழைய துணியை வளையமாகச் சுற்றிய சும்மாடு. வெள்ளைத் துணிதான். இப்போது என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி ஊறிப்போயிருந்தது.

“இதுதான்.”

“அதைக் கேக்கலம்மா. ஹெல்மெட் போட்டிருந்தாரா?”

“ஹேண்டில்பார்ல மாட்டியிருந்தான்.”

“ப்ச்” என்றாள் நர்ஸ். அண்ணனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு ‘ப்ச்’சிலேயே எல்லாம் தீர்ந்துபோன மாதிரிதான் பிறகு நடந்தது. போலீஸ்காரர் கேட்டார். கீழ் வீட்டுக்காரி கேட்டாள். அம்மாவோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஆரஞ்சுப் பழமும் கையுமாக வந்து, கட்டிலைச் சுற்றி நின்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றதும் எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டதல்லவா! தங்கள் வீட்டுப் பிள்ளை ஹெல்மெட் போடுகிறவன், அவனுக்கு இப்படி ஆகாது. பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். இடித்தது எது என்று ஒரு வாயும் கேட்கவில்லை.

பூச்சியும் தானாகச் சொல்லவில்லை. சொல்கிற பழக்கமே அவளுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திப் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பே சிரிக்கும். அதற்குப் பயந்து ஒருநாள் போகாமல் நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் வேலை பார்த்த ரொட்டித் தொழிற்சாலையிலேயே ரொட்டியைக் காகிதத்தில் சுற்றுகிற வேலை கிடைத்தது. அங்கே வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட நீளமாக இருக்கிறதென்று முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் பூச்சியாக்கினார்கள். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் அடுப்பறை மேலே, சைக்கிள்கள் கீழே. நடுவில் குறுகலான படிக்கட்டு. சூடான ரொட்டி அடுக்கிய அகலத் தட்டைத் தலையில் வைத்துத்தான் இறக்க முடியும். இடுப்பில் அணைத்தால் சுவரில் இடிக்கும். கீழே வந்து தட்டைக் கேரியரில் வைத்துக் கயிறு கட்ட வேண்டும். ஒவ்வொரு கடையிலும் மறுபடி அவிழ்த்து, தலையில் ஏற்றி, உள்ளே கொண்டுபோய் இறக்க வேண்டும். சும்மாடும் ஹெல்மெட்டும் ஒரு தலையில் சேர்ந்து உட்காராது. கடைக்குக் கடை ஹெல்மெட்டைக் கழற்றி, சும்மாட்டை வைத்து, சும்மாட்டை எடுத்து, மறுபடி ஹெல்மெட்டைப் போட்டு வாரை இறுக்கி முடிப்பதற்குள் ரொட்டி ஆறிவிடும். ஆறினால் கடைக்காரன் திருப்பி அனுப்புவான். திரும்பி வந்தால் மேற்பார்வையாளர் குதிப்பார். எந்நேரமும் நேரத்தைச் சொல்லியே கத்துவதால் அவருக்கு அலாரம் என்று பெயர்.

“அந்தச் சட்டியைக் கழட்டி மாட்டிட்டுத் தூக்குங்கடா! ஊர்வலமா போறீங்க? தொப்பி என்ன, வாரு என்ன!”

இதனால் எல்லோருடைய ஹெல்மெட்டும் ஹேண்டில்பாரில்தான் தொங்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. தலையில் சும்மாடு இருக்கும்போது, தலையில் ஏதோ இருக்கிற உணர்ச்சி இருக்கும். அந்த உணர்ச்சியிலேயே ஏறி மிதித்துவிடுவார்கள். வேறு எந்தத் தொழில்காரனுக்கும் இந்த மறதி வராது, ரொட்டிக்காரனுக்குத்தான் வரும்.

அன்று காலை அண்ணனும் அப்படித்தான் ஏறினான். கேட்டைத் தாண்டி முன்சக்கரத்தைச் சாலையில் வைத்தான். முற்றத்தில் மாவு இறக்கிவிட்டு லாரி பின்பக்கமாகக் கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் லாரி பின்னால் வரும்போது நின்று கை காட்ட ஓர் ஆள் இருந்தார். அவரை அடுப்பறைக்கு மாற்றி நாளாகிவிட்டது. டிரைவர் கண்ணாடியில் தெரிந்ததை நம்பி வந்தார். அண்ணன் கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருந்தான்.

ரொட்டியெல்லாம் சாலையில் சிதறிக் கிடந்தது. அலாரம் முதலில் ரொட்டியைத்தான் பொறுக்கச் சொன்னார்.

*

உயிர் தப்பியது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது வேறு யாரோ மாதிரி இருந்தது. சொல்ல நினைத்தது வாய்க்கு வந்துசேர நேரமாகும். வலது கை நடுங்கும். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே ஒரு பக்கம் சாய்வான். வாசனை அடியோடு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். வாழ்நாளெல்லாம் ரொட்டி வாசனையில் நின்றவன். ஒருநாள் ரொட்டித் துண்டை மூக்கில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுச் சுவரில் எறிந்தான். அம்மா அதை எடுத்துத் தட்டித் தின்றுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அலாரம் வீட்டுக்கு வந்தார். கூடவே நெட்டையாக, சலவைச் சட்டையோடு சாலைப் பாதுகாப்பு அதிகாரி. இருந்த இரண்டு நாற்காலியிலும் அவர்கள் உட்கார்ந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டு அவள் முழங்கைவரை ஆவிபட்ட தழும்பு. அதை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“என்னம்மா, பையன் தேறிட்டான் போலிருக்கே! கன்னத்துல சதை போட்டிருக்கு” என்றார் அலாரம்.

“சதை போட்டு என்ன சார்? பேச்சு வரணுமே.”

“வரும், வரும். இவன்கிட்ட அந்தக் காலத்துல பேச்சை நிறுத்தறதுதான் கஷ்டம்!” என்று அவரே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமினார். நல்ல குரல் அவருக்கு. “அம்மா, நான் எத்தனையோ உடைஞ்ச மண்டைங்களைப் பார்த்துட்டேன். உங்க பையன் வயசு, அதுக்கும் கீழ. தூங்க முடியாம இருந்திருக்கேன். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டறோம். யாரும் நின்னு படிக்கிறதில்ல. பட்டவங்க வீட்டு ஆளே வந்து ரெண்டு வார்த்தை சொன்னா மனசுல ஏறும். தொழிற்சாலையில எல்லாருக்கும் புது ஹெல்மெட் குடுக்கிறாங்க. அந்தக் கூட்டத்துல தங்கச்சி பேசினா நல்லாருக்கும்.”

“இவளா?” என்றாள் அம்மா. “இவ எங்ககிட்டயே பேச மாட்டா சார்.”

“மூணே வரிதான். நான் சொல்றதைத் திருப்பிச் சொன்னா போதும்.” அவர் பூச்சியைப் பார்த்துக் குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “‘என் அண்ணன் அலட்சியமாக இருந்தான். ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் ஹேண்டில்பாரில் மாட்டினான். அவன் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்.’ அவ்ளோதான்.”

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் இல்லாத மாதிரியே இதெல்லாம் நடந்தது.

“லாரி?” என்றாள் பூச்சி.

அறையில் யாரோ தும்மின மாதிரி எல்லோரும் திரும்பினார்கள். அதிகாரி முகம் சுளிக்கவில்லை. “நியாயமான கேள்விதான் தங்கச்சி. ஆனா பாரு, லாரி இருந்தது கேட்டுக்கு உள்ள. அது தொழிற்சாலை இடம். எங்க துறை சாலை மட்டும்தான். உங்க அண்ணன் சைக்கிள் சாலைக்கு வந்திருச்சு, அதனால இது சாலை விபத்து.”

“இடிச்சது உள்ள இருந்துதானே?”

“அது வேற துறை.”

அலாரம் குறுக்கே புகுந்தார். “எதுக்கு இப்ப அதெல்லாம்? அம்மா, நான் முதலாளிகிட்ட பேசிட்டேன். உங்க பையனுக்கு உக்காந்த வேலை, நாற்காலி போட்டு. ரொட்டிப் பொட்டலத்துல லேபிள் ஒட்டணும். இடது கையாலயே ஒட்டலாம். கூட்டம் நல்லபடியா முடியட்டும், மறுநாளே வந்து உக்காரட்டும்.”

அம்மாவின் கை முந்தானையை விட்டு வெளியே வந்தது. “சொல்லுவா சார். சொன்னா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?”

அவர்கள் படி இறங்கும்வரை பூச்சி பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: “நான் சொல்ல மாட்டேன்.”

“ஏன்டி? என்ன இல்லாததைச் சொல்லச் சொல்றாங்க? அவன் போடலைதானே?”

“அலட்சியம்னு சொல்ல மாட்டேன். கழட்டி மாட்டுடான்னு தெனம் கத்தினது யாரு? இப்ப உக்காந்துட்டுப் போச்சே, அதுதானே?”

“எனக்குத் தெரியாதாடி?” அம்மாவின் குரல் உடைந்து மேலேறியது. “தெனம் அந்த கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். கல்லெடுத்து வீசலாமான்னு கை துடிக்குது. வீசிட்டு? அப்புறம்? ரோஷத்தை வெச்சு அடுப்பெரிக்க முடியுமா? நான் இன்னும் எத்தனை நாளைக்கு இஸ்திரி பிடிப்பேன்? எனக்கப்புறம் இவனை யாரு பார்ப்பா, அந்த லாரியா?”

அண்ணன் இடது கையை உயர்த்தினான். அவன் பேசப்போகிறான் என்பதற்கு அதுதான் அடையாளம். இருவரும் காத்திருந்தார்கள்.

“டாக்டர் சொன்னாரு. போட்டிருந்தா... இவ்ளோ ஆகியிருக்காதுன்னு. அது... நெசம்தானே.”

“நெசம்தான். பாதி நெசம்.”

“பாதியைச் சொல்லிடு. எனக்கு... நாற்காலி வேணும்.” நெற்றியில் வேர்த்துவிட்டது அவனுக்கு. “இங்க உக்காந்து... ஜன்னலைப் பார்த்து... செத்துடுவேன் பூச்சி.”

வீட்டில் யாரும் அவளைப் பூச்சி என்று கூப்பிட்டதில்லை. அவன் மறந்துபோய் வேலை செய்யும் இடத்துப் பெயரைச் சொல்லிவிட்டான். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. சொல்லிவிடலாம் என்று அப்போது முடிவு செய்தாள்.

*

மறுநாளிலிருந்து அலாரம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவள் ரொட்டி சுற்றிக்கொண்டிருக்கும்போதே எதிரில் வந்து நின்று, “எங்க சொல்லு” என்பார். அவள் முணுமுணுப்பாள். “அலட்சியமா... அந்த இடத்துல ஒரு நிறுத்து நிறுத்தணும். கண்ணுல தண்ணி வந்தா விட்டுடு, துடைக்காத.”

தட்டு எடுக்க வந்த ஒட்டகம் கேட்டுக்கொண்டே நின்றான். உயரமும் நீளக் கழுத்துமாக இருப்பான், அண்ணனுக்குப் பக்கத்துச் சைக்கிள். அலாரம் நகர்ந்ததும், “பூச்சி மைக்குல பேசப் போகுதாமே! பாவம் மைக்கு, பயந்துடும்” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. “அன்னிக்கு நீ பக்கத்துலதானே இருந்தே?”

“இருந்தேன்.”

“போலீஸ்ல என்ன சொன்னே?”

ஒட்டகத்தின் முகத்திலிருந்த விளையாட்டுப் போய்விட்டது. “ஹெல்மெட் போட்டிருந்தானான்னு கேட்டாரு. இல்லைன்னேன். சரி, போன்னுட்டாரு.”

“அவ்ளோதானா?”

“கேக்காததை எப்படிச் சொல்றது? நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு.” சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்து அழுத்தினான். “நேத்து நானும் அதே மாதிரிதான் வெளிய போனேன். பின்னாடி லாரி உறுமுது, திரும்பிப் பார்த்தா கேரியர்ல இருக்கிற தட்டு மறைக்குது. நம்ம தலையெழுத்து” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டு படியிறங்கினான்.

*

கூட்டத்தன்று காலையிலிருந்து தூறல். முற்றத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் கீழே நீளத் துணியில் பெரிய எழுத்து: ‘தலை உங்களுடையது. பொறுப்பும் உங்களுடையது.’ கடைகளுக்குப் போகவேண்டிய ரொட்டித் தட்டுகள் மேலிருந்து இறங்கி, ஈரம் படாமல் சுவரோரம் பெஞ்சுகளில் காத்திருந்தன. சூடான ரொட்டி வாசனை முற்றம் முழுக்க நிரம்பியிருந்தது. அண்ணனுக்கு மட்டும் அது இல்லை.

அவனை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தையல் போட்ட பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அலாரம் வந்து, நாற்காலியை அவனோடு சேர்த்துத் தூக்கித் திருப்பி, தழும்பு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். கடையில் பழத்தை நல்ல பக்கம் திருப்பி வைப்பார்களே, அதை மாற்றிச் செய்த மாதிரி இருந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். “நிமிந்து உக்காருப்பா” என்றார் அலாரம்.

மூன்று வரியை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்த பூச்சி பாதியில் நிறுத்தினாள்.

ரொட்டிக்காரர்களுக்கு மஞ்சள் ஹெல்மெட்டுகள் கொடுத்தார்கள். நெற்றியில் தொழிற்சாலையின் பெயர். போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒட்டகத்துக்கு மட்டும் அளவு சின்னது, உச்சியில் உட்கார்ந்திருந்தது.

அதிகாரி நன்றாகத்தான் பேசினார். மண்டை ஓடு எவ்வளவு மெல்லியது என்று சொன்னார். வீட்டில் காத்திருப்பவர்களை நினைக்கச் சொன்னார். கடைசியில் குரலை உயர்த்தினார்: “ஒரே ஒரு வேண்டுகோள். வேலையைத் தொடங்கும்போது போட்டால், வேலை முடியும்வரை இது உங்கள் தலையைவிட்டு இறங்கக் கூடாது. எதற்காகவும், யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். இப்போது நம் சகோதரி பேசுவார்.”

மைக் அவள் உயரத்துக்கு இல்லை. யாரோ வந்து இறக்கினார்கள். தொண்டை வழக்கம்போல அடைத்துக்கொண்டது. பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

“என் அண்ணன் அலட்சியமா...” என்று பக்கத்திலிருந்து அலாரம் எடுத்துக் கொடுத்தார்.

“என் அண்ணன்” என்றாள் பூச்சி. அவள் குரல் ஒலிபெருக்கியில் வெளியே வந்து, சுவரில் மோதி, அவளிடமே திரும்பியது. அண்ணனைப் பார்த்தாள். அவன் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான், சொன்னபடி கேட்கிற பிள்ளையாக.

“என் அண்ணன் ஹெல்மெட் போடலை. போட்டிருந்தா இவ்ளோ ஆகியிருக்காது. அதனால நீங்க போடுங்க. எல்லாரும் போடுங்க.”

அதிகாரி தலையாட்டினார். அலாரமும் ஆட்டினார்.

“ஆனா அவன் அலட்சியமா இல்ல. அதை நான் சொல்ல மாட்டேன். கழட்டி மாட்டுடான்னு அவனுக்கு அவனே சொல்லிக்கலை. லாரிக்குப் பின்னாடி நின்னு கை காட்டினவரை மேல அனுப்பினது அவன் இல்ல. ரொட்டி ஆறினா கத்துறது அவன் இல்ல. ஹெல்மெட் மண்டையைக் காப்பாத்தும். லாரியை நிறுத்தாது. தலை அவனோடதுதான். லாரி யாரோடது? இந்த கேட்டு யாரோடது? அதையும் ஒரு துணியில எழுதி...”

அலாரம் வயரைப் பிடுங்கிவிட்டார். ஒலிபெருக்கி செத்தது. பூச்சி நிறுத்தவில்லை. “...மாட்டுங்க!” என்றாள், வெறும் தொண்டையால். தார்ப்பாயில் தூறல் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாததால் அது எல்லோருக்கும் கேட்டது.

அலாரம் அவள் காதருகே வந்தார். “உங்கண்ணனுக்கு நாற்காலின்னு சொன்னேன்ல? போச்சு. உன் வேலையும் சேர்த்துப் போச்சு. போய் உங்கம்மாகிட்ட சொல்லு, நீயே உன் கையால மண்ணள்ளிப் போட்டேன்னு.”

அவளுக்கு அம்மாவின் முழங்கை நினைவுக்கு வந்தது. சொன்னதைத் திருப்பி விழுங்க முடிந்தால் அந்த நொடியில் விழுங்கியிருப்பாள்.

அலாரம் முற்றத்தைப் பார்த்துக் கை தட்டினார். “கூட்டம் முடிஞ்சுது! ரொட்டி ஆறுது! தூக்குங்கடா!”

ரொட்டிக்காரர்கள் தட்டுகளிடம் போனார்கள். முதலில் போன பெரியவர் சாதுவானவர், வம்புதும்புக்குப் போகாதவர். பழக்கப்படி சும்மாட்டை எடுத்தார். தலையில் வைக்கப் போனார். கை ஹெல்மெட்டில் தட்டியது. ஒரு கணம் யோசித்தார். சொன்ன சொல்லைக் கேட்போம் என்று நினைத்தாரோ என்னவோ, ஹெல்மெட்டின் மேலேயே சும்மாட்டை வைத்து, அதன் மேல் தட்டை ஏற்றினார். இரண்டடி நடப்பதற்குள் வழுவழுத்த மஞ்சள் உச்சியிலிருந்து தட்டு சறுக்கிச் சரிந்தது. ரொட்டிகள் ஈரத்தில் உருண்டன.

“என்னய்யா பண்றே? கழட்டிட்டுத் தூக்குய்யா!”

“கழட்டக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க...” என்றார் பெரியவர், உண்மையிலேயே குழம்பிப்போய்.

“நான் சொல்றேன், கழட்டு!”

“‘யார் சொன்னாலும்’னு சொன்னாரு” என்றான் ஒட்டகம். அவன் தட்டைத் தொடவே இல்லை. சின்ன ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே இழுத்துப் பூட்டினான். ‘டக்’கென்று சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு ‘டக்’. அப்புறம் வரிசையாக.

“விளையாடுறீங்களாடா? கழட்டுங்கடா! எல்லாரும் கழட்டுங்க!” அலாரத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. அவருக்கு மேலே அந்தத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணன் இடது கையை உயர்த்தினான். பூச்சி பார்த்தாள். ஒட்டகமும் பார்த்தான். முற்றம் காத்திருந்தது. அலாரம்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“கழட்டா...” வார்த்தை பாதியில் நின்றது. உதடு கோணியது. விடாமல் இழுத்துக் கொண்டுவந்தான். “...தீங்க.”

பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான். சாய்ந்தான். பூச்சி ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். அவன் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நாற்காலி போச்சுண்ணா” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

“தெரியும்டி” என்றான். இந்த முறை வார்த்தை தடுக்கவில்லை.

அலாரம் அதிகாரியிடம் ஓடினார். “சார், நீங்களே சொல்லுங்க சார் இவங்களுக்கு! தட்டைத் தூக்கும்போது கழட்டிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மேல இன்னும் அடுப்புல ரொட்டி வேகுது சார்!”

எல்லா மஞ்சள் தலைகளும் அதிகாரியின் பக்கம் திரும்பின. அவர் கையில் பை இருந்தது.

பூச்சி அண்ணனைத் தாங்கிக்கொண்டே இரண்டடி முன்னால் வந்தாள்.

“சொல்லுங்க சார்” என்றாள். தொண்டை அடைக்கவில்லை. “கழட்டலாமா, கூடாதா?”

அதிகாரி அவளைப் பார்த்தார். அலாரத்தைப் பார்த்தார். ஈரத்தில் கிடந்த ரொட்டிகளைப் பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குடையை விரித்தார். பிறகு தட்டுகளைத் தாண்டி, சைக்கிள்களைத் தாண்டி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டைக் கடந்து போனார்.